நீலம் விழுதல்

கட்டபெட்டு தாண்டி இறக்கத்தில் ஒரு தேயிலை ஃபாக்டரி.
எடைமேடையின் பழைய நிரலைத்
துடைத்துக் கொடுக்கப் போயிருந்தேன்.
மூன்று நாள் வேலை என்று பேச்சு.
ஜூலை. கீபோர்டில்கூட ஈரம்.

முன்பு எழுதியவர் குன்னூர் ரெஜினால்ட்.
இப்போது மஸ்கட்டில்; போன் எடுப்பதில்லை.
நிறங்களை அவர் எண்களாகவே விட்டுப் போயிருந்தார்
65280
65535
16711680
வகுப்பில் யார் பெயரும் தெரியாமல்
ரோல் நம்பர் சொல்லிக் கூப்பிடும் வாத்தியார் மாதிரி.

பேசிக்கில் எட்டு நிறங்களுக்குப் பெயர் உண்டு.
யாரும் அறிவிக்க வேண்டாம், மொழியோடு பிறந்தவை.
விபிரெட், விபிகிரீன், விபிஎல்லோ...
மாறிலிகள்.
ஜன்னலுக்கு வெளியே
கொழுந்துக்கு ஒரு பச்சை,
கவாத்து வெட்டி மூன்று மாதமான புதருக்கு ஒன்று,
மஞ்சு ஏறியபின் பச்சையென்று சொல்லத் தயங்கும் இன்னொன்று.
விபிகிரீன் இதில் எதுவும் இல்லை.
கோத்தகிரி சந்தையில் தொங்கும்
பிளாஸ்டிக் குடத்தின் பச்சை அது.

65280 விபிகிரீன் ஆயிற்று, 65535 விபிஎல்லோ.
மிச்சம் 16711680,
வேண்டாமென்று தள்ளும் இலைக்கு.
சிவப்பென்றுதான் நினைத்திருப்பார் ரெஜினால்ட்.
இணையப் பக்கங்களின் எண்ணில் சிவப்பு முதல் ஆள்;
பேசிக்கில் அதற்குக் கடைசி இடம்.
அங்கிருந்து பிடுங்கி அப்படியே இங்கே நட்டுவிட்டார்,
முளைத்தது நீலம்.
ஆறு வருஷமாக யாரும் ஏனென்று கேட்கவில்லை.

திருத்தினேன். விபிரெட்.
அரை நிமிஷ வேலை.
கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

நாலு மணிக்கு லிங்கி வந்தார்.
தலைத்துணியில் மழை, ஜீப்பில் ஏழு மூட்டை.
தருமன் மூன்றாவதைப் பிரித்து ஒரு கை அள்ளினான்.
முற்றல் இலை, காம்பு, மறுபடி முற்றல்.
விசையைத் தட்டினான்.
திரை சிவந்தது.

லிங்கி அண்ணாந்து பார்த்தார்.
"நீலம் விழலியே, எடையைப் போடு."
"இல்லக்கா, இது..."
"நீலம் விழுந்துச்சா, இல்லியா?"

வரிசை முழுக்க என்னைப் பார்த்தது.
"என்ன மேடம் பண்ணீங்க?" என்றான் தருமன் மெதுவாக.
கரண்ட் போனது.
திரை விபிபிளாக். மதிப்பு பூஜ்யம்.
அதை மட்டும் யாரும் எழுத வேண்டியிருக்கவில்லை.

இருட்டில் டீ குடித்தபடி அவன்தான் சொன்னான்:
அந்தச் சரிவில் பேங்க் லோன் கிடைக்காவிட்டால் நீலம்,
பெண் கேட்டுப் போய்த் திரும்பி வந்தால் நீலம்,
அவன் தம்பி ப்ளஸ் டூ கணக்கில்
இரண்டு முறை நீலம்.

ராத்திரி ஜெனரேட்டர் சத்தத்தில் உட்கார்ந்து
எல்லாவற்றுக்கும் மேலே ஒரு வரி சேர்த்தேன்
மறுப்பு = விபிப்ளூ
கீழே எங்கேயும் நிறமே கிடையாது.
நானூறு வரியிலும் மறுப்பு, மறுப்பு.
நீலம் அந்த ஒரே வரியில் குடியிருக்கிறது;
யாருக்காவது மனம் மாறினால் தட்ட ஒரு கதவு.
பக்கத்தில் ஒற்றைக்குறி போட்டு, கணினி படிக்காத தமிழில்:
'பிழையாகத் தொடங்கியது. திருத்த வேண்டாம்.

மூன்றாம் நாள் மேனேஜர் கோவர்த்தனன் வந்து
திரையை அப்படியும் இப்படியும் பார்த்தார்.
"எல்லாம் பழையபடிதான இருக்கு?"
ஆமாம் என்றேன்.
இரண்டு நாள் கூலியை எண்ணிக் கொடுத்தார்.

பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர்
வேலை முடிஞ்சதா என்று கேட்டார்.
முடிஞ்சது, ஒருநாள் மட்டும் நீலம் என்றேன்.
அவர் தலையாட்டினார்,
மேற்கொண்டு எதுவும் கேட்காமல்.