பாம்புக்கல்லில் ஒரு விரல்நீளம்

மரியான்ஸ்கே லாஸ்னேக்கு வடக்கே
ஊசியிலை மரங்கள் குள்ளமாகிப்போன மேடு.
இங்கே கல்லுக்குப் பாம்பின் பெயர்.
கரும்பச்சை, வழவழப்பு, உள்ளே நிக்கல்.
புல்லுக்கே ஒவ்வாத மண்.

வெடிப்பில் ஒரு பெரணி.
விரல் நீளம்கூட இல்லை.

வெண்டெலின் கிராய்ட்ஸிகர்
எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கி வந்தார்.
"இதற்காகவா மூன்று நாளாய் என் வண்டி நிற்கிறது?"
ஆமாம் என்றேன்.
"பெயர்?"

பேரினத்துக்கு மண்ணீரலின் பெயர்.
எந்தக் காலத்திலோ யாரோ
இதை அரைத்துக் குடித்துப் பிழைத்திருக்க வேண்டும்,
அல்லது பிழைக்காமல்.
அடுத்த சொல் லத்தீனில் சற்று அசிங்கம்:
சோரத்தில் பிறந்தது.
செக்கில் நாங்கள் நாசூக்காகப்
பொய்யானது என்பதோடு நிறுத்திக்கொண்டோம்.

அவர் சிரித்த சிரிப்பில்
ரொட்டிப் பொட்டலம் கீழே விழுந்தது.

தாய் தகப்பன் யாரென்று தெரியும் என்றேன்.
ஒன்றின் காம்பு முழுக்கப் பழுப்பு, குதிரைமயிர் மினுமினுப்பு.
மற்றது பச்சை, சுண்ணாம்புப் பாறைக்காரி.
ஆளுக்கு எழுபத்திரண்டு குரோமோசோம்.
முதலில் பிறந்த கலப்பு மலடு; அதன் வித்துத்தூள் வெறும் தூள்.
பிறகு ஏதோ ஒரு பிழை.
எண்ணி முடித்த காசை இன்னொரு முறை எண்ணிவைத்தது போல
எல்லாம் இரட்டித்து
நூற்று நாற்பத்து நான்கு.
அன்றிலிருந்து அதற்கு யார் தயவும் வேண்டாம்.

"பார்த்தே எப்படிச் சொல்வீர்கள்?"

லென்ஸைக் கொடுத்தேன்.
குப்புறப் படுத்தார்; தலைக்கவசம் பாறையில் இடித்தது.
கிரீஸ் படிந்த விரல்
காம்பைத் தொடாமல் அதன் ஓரமாகவே ஏறியது,
இறங்கியது, மறுபடி ஏறியது.

"கீழே பழுப்பு. மேலே பச்சை.
எங்கே மாறுகிறது?"

பத்தொன்பது வருடமாக அதைத்தான் தேடுகிறேன்
என்று சொல்லவில்லை.
முக்கால் உயரத்தில் என்றேன், நூலில் உள்ளபடி.

"இல்லை. இது பாதியிலேயே.
பக்கத்துச் செடி இன்னும் கீழே."

சரிதான்.

மாலை அட்டையில் எழுதினேன்:
காய்ந்து உதிர்ந்த ஒற்றை இலை.
பாம்புக்கல். தென்கிழக்கு வெடிப்பு. ஈரம் குறைவு.
காம்பின் நிறமாற்றம் செடிக்குச் செடி வேறு;
கவனித்தவர் வெ. கிராய்ட்ஸிகர், மண்வாரி ஓட்டுநர்.

பெயரில் எவ்வளவு ஜெர்மன், எவ்வளவு செக் என்று கேட்க
அந்த அட்டையில் கட்டமில்லை.

நாளையிலிருந்து அவருக்கு வடக்குச் சரிவில் வேலையாம்.
அங்கே இன்னும் யாரும்
குனிந்து பார்க்கவில்லை.
லென்ஸைத் திருப்பித் தர மறந்துவிட்டார்.
நானும் கேட்கவில்லை.