ஆடுகள அறிக்கைக்கு ஒரு பின்குறிப்பு

ஜார்ஜ்டவுனில் கடல் எங்களைவிட உயரம்.
சுவர் கட்டி நிறுத்திவைத்திருக்கிறோம்.
சுவருக்கு இந்தப் பக்கம்
நான் வளர்ப்பது இருபத்திரண்டு கஜம் மண்.

மஹைக்கா ஆற்றங்கரைக் களி.
உருளை ஓட ஓட மேலே கண்ணாடியாகும்,
அடியில் ஈரத்தை ஒளித்துவைக்கும்.
முதல் நாள் மடியில் படுக்கும் பூனை.
இரண்டாம் நாள் தேநீருக்குப் பிறகு
அதற்கு நகம் முளைக்கும்.
இது ரகசியமில்லை. வாசலில் மாங்காய் விற்கும்
வெர்லினுக்கே தெரியும்.

புதன்கிழமை தேர்வாளர்கள் வந்தார்கள்.
மூன்று தீவுகள், மூன்று தொப்பிகள்.
ஒருவர் கார் சாவியால் குத்திப் பார்த்தார்.
ஒருவர் முழங்கால் வலியோடு குனிந்து முகர்ந்தார்.
தலைவர் கில்க்ஸ் வானத்தைப் பார்த்தார்,
பிறகு கைபேசியைப் பார்த்தார்.
“எப்படி இருக்கும், குவாமினா?”
“திரும்பும், ஐயா.”
“எவ்வளவு?”
“புறப்பட்ட வீட்டுக்கே போய்ச் சேருமளவு.”
சிரித்தார். தோளில் தட்டினார்.
நான்கு வேகப்பந்து வீச்சாளர்களை எடுத்தார்.

ஹர்தத் புத்ராம் பட்டியலில் இருந்தான்,
பதின்மூன்று பேரில் பதின்மூன்றாவதாக.
கான்ஜே சர்க்கரை ஆலையில்
எடைமேடை வேலை. லாரி ஏறியதும்
ஊசியைப் பார்க்காமலே டன் சொல்வான்.
அந்தப் பருவத்தில் ஐம்பத்தெட்டு விக்கெட்.
இடது கை. அவசரமில்லாத கை.
கடன் கேட்டு வந்தவனைக் காக்கவைப்பதுபோல்
பந்தைக் காற்றில் சற்று நிறுத்தித்தான் தருவான்.
புதிதாகத் தைத்த அணி மேலங்கி
மடிப்புக் கலையாமல் ஆணியில் தொங்க
ஐந்து நாளும் தண்ணீர் சுமந்தான்.

நிருபர்கள் காரணம் கேட்டார்கள்.
சமநிலை, என்றார் கில்க்ஸ்.
புரியவில்லை, என்றார்கள்.
அணியின் சமநிலை, என்றார்.

நகம் முளைத்தது.
நம் நால்வரும் ஓடிவந்து ஓடிவந்து
முழங்காலைத் தேய்த்தார்கள்.
எதிரணி நியூசிலாந்தில் ஒருவன், ஃப்ரூ,
மட்டையடிக்க மட்டுமே விமானம் ஏறியவன்,
வலைப்பயிற்சியில்கூடப் பந்தைத் தொடமாட்டானாம்.
கழுத்து வெயிலுக்குத் தொப்பியைத் திருப்பிப் போட்டு
எங்கள் ஏழு பேரை அனுப்பிவைத்தான்.
ஒவ்வொரு விக்கெட்டுக்கும் கூச்சமாய்ச் சிரித்தான்,
வேறு யாருடைய கல்யாணத்திலோ
பந்தியில் உட்கார்ந்துவிட்டவன்போல.

அப்போதெல்லாம் நான் ஹர்தத்தைத்தான் பார்த்தேன்.
எல்லைக் கயிற்றருகே
தண்ணீர் பாட்டிலைச் சுழற்றிக்கொண்டிருந்தான்.
சுட்டுவிரல், நடுவிரல்,
மணிக்கட்டில் ஒரு சின்ன உதறல்.
மூடி சரியாக இறுகவில்லை.
காலணி நனைந்தது அவனுக்குத் தெரியவில்லை.

இன்னிங்ஸ் தோல்வி. அறிக்கை வந்தது:
ஆடுகளம் தரக்குறைவு.
பராமரிப்பாளர் எச்சரிக்கப்படுகிறார்.
குவாமினாவில் ஓர் எழுத்து குறைந்திருந்தது.
அதையும் சமநிலைக்காக எடுத்திருப்பார்கள்.

அடுத்த டெஸ்ட் பிரிட்ஜ்டவுனில்.
ஆடு மேய்க்கலாம், அவ்வளவு புல்.
காலையிலேயே மேகம், கடற்காற்று.
வேகக்காரர்கள் கனவில் காணும் விரிப்பு.
அங்கே எடுத்தார்கள் அவனை.

உருளையின் இருக்கையில் உட்கார்ந்து
வானொலியில் கேட்டேன்.
முப்பத்தொரு ஓவர். நூற்றுப்பதினெட்டு ரன்.
விக்கெட் பத்தியில் வெறும் வட்டம்.
ஒரே ஒரு பந்து ஈரத்தில் பிடித்ததாம்,
ஸ்லிப்பில் கேட்ச் நழுவியதாம்.
மாலையில் கில்க்ஸின் குரல்:
“வாய்ப்புக் கொடுத்துப் பார்த்துவிட்டோம்.”
நான் உருளையை ஓட்டினேன்.
ஓட்டவேண்டிய வேலை எதுவும் இல்லை அன்றைக்கு.

பிறகு வருடம் மூன்று.
சுவருக்கு அந்தப் பக்கம் கடல் அதே உயரம்.
இந்தப் பக்கம் களி அதே களி.
தேர்வாளர்கள் வேறு. சாவி வேறு கார்.
“எப்படி இருக்கும்?” என்கிறார்கள்.
சொல்கிறேன்.

போன வாரம் கான்ஜேயிலிருந்து
உரம் ஏற்றிவந்த லாரிக்காரனிடம்
ஹர்தத்தை விசாரித்தேன்.
எடைமேடையில்தான் இருக்கிறான்,
நல்ல மாதிரி, என்றான்.
இப்போதெல்லாம்
ஊசியைப் பார்த்துத்தான் டன் சொல்கிறானாம்.
இரண்டு முறை பார்த்து.