மே மாதத்தில் வாங்கிய தொலைநோக்கி

புகைப்படக் கடையை மூடுகிறார்கள்.
எல்லாம் பாதி விலை என்றது
கண்ணாடியில் ஒட்டிய தாள்.
எடைமேடையில் மரலாரிகளுக்குச் சீட்டு எழுதுகிறவள் நான்,
பாதி என்ற சொல் எனக்குப் போதும்.
பெட்டியின் மேல் சனிக்கோள்,
சாப்பாட்டுத் தட்டு அகலம்.
கடைக்காரர் ஒஸ்மோ கயிறு கட்டியபடி
ஒரு மாதிரி சிரித்தார்.

சிரிப்பின் பொருள் வீட்டுக்கு வந்தபின் புரிந்தது.
கையேட்டின் முதல் வரி:
இருண்ட இடம் ஒன்றைத் தேர்ந்தெடுக்கவும்.

கெமியார்வியில் மே கடைசி வாரம்.
இரவு பதினொன்றுக்கு ஏரிமேல் வெயில்.
பன்னிரண்டுக்கும் வெயில்.
ஒன்றரைக்குக் குயில் கூவுகிறது,
அதற்கும் தூக்கமில்லை.
இருட்டுதான் வேண்டுமென்றால்
உருளைக்கிழங்கு வைக்கும் நிலவறைக்குள் போகலாம்.

இரண்டாம் வரி:
சூரியன் பக்கம் ஒருபோதும் திருப்பாதீர்கள்.
அதுவோ அடைய இடமில்லாமல்
வீட்டைச் சுற்றிச் சுற்றி வருகிறது,
கடன் கொடுத்தவன் மாதிரி.

ஆகவே நிலத்தில் பழகினேன்.
அக்கரை அலைபேசிக் கோபுரத்தின் உச்சி ஆணியில்
சின்னக் குழாயையும் பெரிய குழாயையும்
ஒரே புள்ளிக்குக் கொண்டுவர
மூன்று மாலைகள்
(மாலை என்று பழக்கத்தில் சொல்கிறேன்).
உள்ளே உலகம் தலைகீழ்.
தலைகீழாக ஒருவர் படகுக்குத் தார் பூசினார்,
தார் மேல்நோக்கிச் சொட்டியது.
இடப்பக்கம் தள்ளினால் வலப்பக்கம் ஓடும் பைன் மரத்தைத்
துரத்திப் பிடிக்க ஜூன் முழுவதும் போனது.

லாரிக்காரன் வெய்யோ தினமும் கேட்டான்:
"மீன் ஏதும் மாட்டிச்சா, ஹில்க்கா?"
அவன் தூண்டில்காரன். நாற்பது டன் பைனை
மேடையில் நிறுத்திவிட்டுக் கேட்பான்.
சீட்டைக் கிழித்துக் கொடுப்பேன். பதில் கிடையாது.

தூக்கம் வராத ஒரு நள்ளிரவு
வடக்கு ஜன்னலின் கறுப்புத் திரையில்
தையல் ஊசியால் குத்திப் பார்த்தேன்.
வானப்படத்தில் உள்ளபடி
அகப்பைக்கு நான்கு, வாலுக்கு மூன்று.
ஏழு முனிவர்களும் என் படுக்கையறையில்
பளிச்சென்று வந்து நின்றார்கள்.
ஏழும் அந்த ஒரே சூரியன்.
நட்சத்திரம் செய்ய
நட்சத்திரத்தையே எடுத்துக்கொண்டேன்,
யாரையும் கேட்கவில்லை.
அன்று நன்றாகத் தூங்கினேன்.

ஆகஸ்ட் ஆறு.
பூர்ச்ச மரத்துக்கு மேலே, வெளுத்த நீலத்தில்
ஒன்று.
ஒன்றே ஒன்று.
அபிஜித் என்றது படம்.
செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடினேன்.
குழாய்க்குள்ளும் அது புள்ளிதான்.
நடுங்கும் வெள்ளைப் புள்ளி.
தட்டும் இல்லை, வளையமும் இல்லை.
அவ்வளவுதானா என்று வாய்விட்டே கேட்டுவிட்டேன்.
கேட்டு முடிப்பதற்குள் ஓரத்துக்கு நகர்ந்தது,
விளிம்பைத் தொட்டது, காணோம்.
தள்ளிப் பிடித்தேன், மறுபடியும் போனது.
முக்காலியை யாரும் தொடவில்லை.
அப்போதுதான் உறைத்தது
போவது அது இல்லை என்று.
அசையாத மேடையில்
பதினேழு வருடம் எடை பார்த்திருக்கிறேன்;
மேடையே போய்க்கொண்டிருக்கிறது.

மாதக் கடைசியில் ஏழும் வந்தன.
கொசு குறைந்திருந்தது, கை விறைத்தது.
வாலின் நடுவில் உள்ளதைப் பிடித்தேன்,
என் திரையில் ஒற்றைத் துளை.
இங்கே அப்படியில்லை.
சற்றுத் தள்ளி மங்கலாக அருந்ததி,
அதுகூட வெறுங்கண்ணுக்குத் தெரிந்திருக்க வேண்டியது,
நான்தான் பார்க்கவில்லை.
வசிட்டனும் ஒருவனில்லை.
ஒட்டியபடி இன்னொருவன்,
நடுவே தலைமுடி அளவு கறுப்பு.

காலையில் வெய்யோ மேடைமேல் ஏறினான்.
"மீன்?"
"ஒன்றுன்னு நினைச்சேன். மூணு."
எஞ்சினை அணைத்துவிட்டு
எவ்வளவு பெரிசு என்றான்.
ஊசிமுனை என்றேன்.
சிரிக்காமல் தலையாட்டினான்,
சின்ன மீனை ஏரியில் திரும்ப விடுகிறவன்.

இனி திரைக்கு ஏப்ரல் வரை வேலையில்லை.
மடிக்குமுன் ஊசியைத் தேடி எடுத்தேன்.
நடுத் துளைக்கு ஓரமாக ஒன்று,
மிக நெருக்கி இன்னொன்று.
துணி கிழிந்துவிட்டதா, பிரிந்து நிற்கிறதா,
இந்த வெளிச்சத்தில் தெரியவில்லை.
மே மாதம் சூரியன் வந்து
சரி பார்க்கட்டும்.