கால் அங்குலம்

முன்னால் ஐந்து போல்ட், பின்னால் ஐந்து போல்ட்.
எண்ணிப் பார்த்தால் சரி.
அளந்தால்தான் தகராறு.

எல்லாம் வார்விக் செய்த வேலை.
அறுபத்தேழாம் வருஷத்து ஹோல்டனுக்கு
டிஸ்க் பிரேக் வேண்டுமென்று
முன்பாகத்தை ஒரு வண்டியிலிருந்து கழற்றி வந்தான்.
புது எஞ்சினின் உதையைத் தாங்க வேண்டுமென்று
பின் ஆக்சிலை ஒரு ஃபோர்டிலிருந்து.
முன்வட்டம் நாலே முக்கால் அங்குலம்,
பின்வட்டம் நாலரை.
நாலு கால், இரண்டு குலம்,
நடுவே வெறும் கால் அங்குலம்.

டிக்கியில் ஸ்டெப்னிக்கு இருக்கும் பள்ளமோ
ஒன்றே ஒன்று.

வையாலாவிலிருந்து கூபர் பெடி அறுநூறு கிலோமீட்டருக்கு மேல்.
என் அக்கா பெரிலுக்குக் கண் அறுவை,
வெள்ளிக்கிழமைக்குள் அழைத்து வர வேண்டும்.
செவ்வாய் இரவு வரை
சமையலறை மேசையில் இரண்டு ரிம் கிடந்தன.
அவற்றுக்கு நடுவில் சூப் குடித்தோம்.

முன்சக்கரம் போனால் ஸ்டீரிங் போகும் என்றேன்.
முன்சக்கரம் ஆணியை மிதித்து எழுப்பும்,
பின்சக்கரம்தான் அதன் மேல் போய் ஏறும் என்றான்.
இரண்டையும் எடுத்துக்கொள் என்றேன்.
பெரிலின் பெட்டி எங்கே போகும் என்றான்.
அவள் பெட்டியை நீ பார்த்ததில்லையா?

புதன் காலை மெர்வ் கிளைன்ஷ்மிட்டின் காயலான் கடை.
துருப்பிடித்த மலையைச் சுற்றிக்கொண்டு வந்து
மெர்வ் ஒரு ரிம்மை உருட்டிவிட்டார்.
பத்துத் துளை.
"ரெண்டு வட்டமும் இதுல இருக்கு,
எந்தப் பக்கமும் மாட்டலாம்" என்றார்,
மாப்பிள்ளை வீட்டாரிடம் பேசும் தரகர் மாதிரி.
வார்விக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு
நகத்தால் தடவினான்.
இரண்டு துளைகளுக்கு இடையே
மயிரிழை போல ஒரு கோடு.
ஒன்றும் சொல்லாமல் திருப்பி உருட்டினான்.
எல்லோருக்கும் நல்லவனாக இருக்கப் போய்
விரிசல் விட்ட ரிம் அது.
எனக்கு அதன் மேல் கொஞ்சம் பாசம் வந்தது.

கடைசியில் பின்சக்கரம் ஜெயித்தது.
எல்லா டயரையும் கையால் தட்டிப் பார்த்து,
முன்னிரண்டிடம் மட்டும் குனிந்து ஏதோ சொன்னான்.
கெஞ்சினானோ, மிரட்டினானோ.

கிளெண்டாம்போவில் எண்ணெய் போட்டோம்.
அதற்கப்புறம் கூபர் பெடி வரை
கடை இல்லை, பங்க் இல்லை,
சிவப்பு மண்ணும் வானமும்தான்.
எழுபதாவது கிலோமீட்டரில் ஒரு ஃபால்கன்,
ஒரு பக்கமாய்ச் சாய்ந்து நின்றது.
நிழலில் இரண்டு நாய்கள்.
மோய்ரா என்று ஒரு பெண், கையில் ஜாக்கி.
ஸ்டெப்னியை பிம்பாவிலேயே மாட்டியாயிற்றாம்,
இப்போது அதுவும் போய்விட்டது.

வார்விக் குனிந்து அந்த வட்டத்தைப் பார்த்தான்.
அளக்கவில்லை. அவனுக்குத் தெரியும், எனக்கும் தெரியும்.
நாலரை.

எங்கள் வண்டிக்குப் பாதிதான் பொருந்தும் சக்கரம்
அவள் வண்டியில் நான்கு மூலைக்கும் பொருந்தும்.
மூன்று இரவு சண்டை போட்டு
யாருக்காகத் தேர்ந்தெடுத்தோம் என்று
நான் அவனைக் கேட்கவில்லை.
நட்டை முடுக்கும்போது
அவன் காது மடல் சிவந்திருந்தது.
வெயிலாகவும் இருக்கலாம்.

மீதி நூற்று எண்பதும் எண்பது வேகத்தில் போனோம்.
காலிப் பள்ளத்தில் ஜாக்கி கடகடவென்று உருண்டது.
கல் ஒவ்வொன்றும் எனக்குக் கேட்டது.
ரேடியோவைப் போடப் போனேன், கையைப் பிடித்துக்கொண்டான்.
எங்கள் இருவருக்குமே
டயரைத்தான் கேட்க வேண்டியிருந்தது.

ஒன்றும் ஆகவில்லை.
போகும்போதும் இல்லை, வரும்போதும் இல்லை.
பெரிலின் பெட்டி அந்தப் பள்ளத்தில்
அளவெடுத்துச் செய்தது போல் உட்கார்ந்தது.

மோய்ரா பேருந்தில் அனுப்பிவைக்கிறேன் என்றாள்.
ஆறு வாரம் ஆகிறது, இன்னும் வரவில்லை.
நானும் நினைவூட்டவில்லை.
வந்தால் மறுபடி
முன்னா பின்னா என்று ஆரம்பிப்பான்.