ஓடை மாதிரி

அதிகாலை மூன்றரை.
கெம்பஹட்டிப் பள்ளத்தில் மோட்டார் சத்தம் கேட்டுவிட்டது.
டிரைவர் ஹெட்லைட்டை அணைத்தார்.
பகலில் வந்தால் எந்திரம் காய்ந்து கிடக்கும்,
ஓடையும் ஒன்றும் தெரியாத பிள்ளை போல
முகம் கழுவி நிற்கும்.

முதலில் மேலே, பிறகுதான் கீழே. அது விதி.
மேலே,
தேயிலைச் சரிவு முடிந்து கற்பூர மரங்கள் தொடங்குமிடத்தில்
ஓட்டத்துக்கு எதிர்முகமாய் நின்று
முந்நூறு மில்லி கண்ணாடிப் பாட்டிலைச் சாய்த்து அமுக்கினேன்.
ஒரு குமிழிகூட உள்ளே போகக் கூடாது,
போனால் அது பொய்ச் சாட்சி.
கையுறைக்குள் விரல் மரத்தது.
இரண்டு மருந்து, இரண்டு மில்லி வீதம்.
மூடித் தலைகீழாய்ப் பதினைந்து தடவை.
பழுப்பு வந்தால் தண்ணீரில் மூச்சிருக்கிறது.
வெள்ளையாகவே நின்றால்
இல்லை.
வந்தது. டார்ச் வெளிச்சத்தில் ஒரு பழுப்பு மேகம்
அவசரமில்லாமல் சுருண்டு இறங்கியது.
பதிவேட்டில் எழுதினேன்: ஓடை மாதிரி, எண் ஒன்று.

கீழே இரும்பு உருளை சுற்றச் சுற்ற
கேரட் பளபளத்து வெளியே விழுகிறது.
ஒரு மூட்டைக்கு எவ்வளவு மலை கரைகிறது என்று கேட்க
எங்கள் படிவத்தில் கட்டம் இல்லை.
அழுகல், ஒடிசல், தழை
கரையில் குவிந்திருந்தன, பாதி ஏற்கெனவே தண்ணீருக்குள்.

போஜன் சால்வையை இழுத்துப் போர்த்தியபடி வந்தார். கோபமில்லை.
"மண்ணோட அனுப்பினா மேட்டுப்பாளையத்துல ஓடாது மேடம்."
இசைவாணை எங்கே என்றேன்.
விண்ணப்பித்திருக்கிறாராம்.
போன வருஷமும் விண்ணப்பித்துத்தான் இருந்தார்.

முழங்கைவரை ஈரத்தோடு வழிவிட்டு நகர்ந்தாள் சந்தனமேரி.
"அந்தப் பாட்டில்ல பாத்தாத்தான் தெரியுமா?
கீழ லைன் வீட்டுல ரெண்டு மாசமா துணி வெளுக்கல."
அறிக்கை வரப் பதினைந்து நாளாகும் என்றது
என் வாய், தானாகவே.

நூறு மீட்டர் தள்ளி, அழுகல் தேங்கிய மடு.
மண்ணின் பழுப்பு வேறு, மூச்சின் பழுப்பு வேறு.
சேறு அடங்கும்வரை காத்திருந்தேன்.
பதினைந்து தடவை திருப்பியாயிற்று;
விதியில் இல்லாத ஐந்தையும் சேர்த்துத் திருப்பினேன்.
வெள்ளை.
எழுதினேன்: ஓடை மாதிரி, எண் இரண்டு.
எழுதியதைத் திரும்பப் படித்தபோதுதான் உறைத்தது.
ஆமாம்,
ஓடை மாதிரி.

அப்புறம் நோட்டீஸ், அதற்குப் பதில், கூட்டு ஆய்வு,
மின்வாரியத்துக்குக் கடிதம்.
இணைப்பைத் துண்டித்த ஒன்பதாம் நாள்
படிவுத் தொட்டிக்கு வானம் தோண்டினார் போஜன்.
அந்த ஒன்பது நாளும் சந்தனமேரிக்குக் கூலியில்லை.
அதற்கும் கட்டம் இல்லை.

ஆடி மழையில் மறுபடி போனேன். அதே மடு, எண் பதினொன்று.
வெள்ளையுமில்லை பழுப்புமில்லை,
பால் தூக்கலாய்ப் போட்ட டீயின் நிறம்.
இதை மூச்சென்று சொல்லலாமா?
ஆய்வகம் இரண்டு புள்ளி எட்டு என்று சொல்லும்,
அல்லது மூன்று. எண் எப்போதும் தயங்காது.

தொட்டியில் இறங்கிச் சேற்றை வாரிக்கொண்டிருந்தாள் அவள்.
கூடை கூடையாய், அது வந்த மேட்டுக்கே.
"இப்ப துணி வெளுக்குதா?" என்றேன்.
நிமிர்ந்து வானத்தைப் பார்த்தாள்.
"எங்க மேடம் காயுது.
காஞ்சா சொல்றேன்."