மாட்டுத் தொட்டி

ஆகஸ்ட் முதல் திங்கள். நெப்ராஸ்கா.
காலை ஏழுக்கே சோளக்காட்டிலிருந்து
ஈரச் சூடு கிளம்பி வருகிறது,
யாரோ கொதிக்கும் பானையின்
மூடியைத் திறந்துவிட்டதுபோல்.

மைதானத்து மூலையில் ஒரு மாட்டுத் தொட்டி.
ப்லாஹா பண்ணையில் இரவல் வாங்கியது.
பெட்ரோல் பங்கிலிருந்து ஆறு மூட்டை ஐஸ்.
தினமும் நிரப்புவேன்.
தினமும் உருகும்.
தினமும் படிவத்தில் எழுதுவேன்:
தொட்டி தயார்.

"கெமிஸ்ட்ரி டீச்சர்,
இன்றைக்கு எந்த மாடு குளிக்கிறது?"
என்பார் தலைமைக் கோச் டோலெசல்.
பையன்கள் சிரிப்பார்கள்.
நானும் சிரித்து வைப்பேன்.
மூன்று கோடையாக
ஒரு மாடும் குளிக்கவில்லை.

படிவம் நீளமானது.
முதல் இரண்டு நாள் தலைக்கவசம் மட்டும்.
தோள் கவசம் அப்புறம்.
தண்ணீர் கேட்டால் கொடு,
கேட்காவிட்டாலும் கொடு.
வெப்பமானி சிவப்பைத் தொட்டால்
உள்ளே கூட்டிப் போ.
ஓட்டத்தைத் தண்டனையாக்காதே.
எல்லாக் கட்டத்திலும் டிக் அடித்திருந்தேன்,
வீட்டில், முந்தைய இரவே,
டிவி பார்த்துக்கொண்டு.

நாலாம் நாள் ஒருவன் தாமதமாக வந்தான்.
வெஸ்லி என்று பெயர்.
அவனுக்காக எல்லோரும் ஓடினார்கள்,
இந்தக் கோட்டிலிருந்து அந்தக் கோட்டுக்கு.
டோலெசல் போனில் பேசப் போயிருந்தார்.
விசில் என் வாயில் இருந்தது.
ஏழு. எட்டு.
"இன்னும் ஒன்று" என்றேன்.
ஏன் சொன்னேன் என்று கேட்காதீர்கள்.
சொன்னால் ஓடுகிறார்கள்,
அதில் ஒரு ருசி இருந்தது.

எம்மெட் ப்லாஹா விழவில்லை.
விழுந்திருந்தால் உடனே தெரிந்திருக்கும்.
அவன் எதிர்ப்பக்கக் கம்பத்தை நோக்கி
நிதானமாக நடந்து போனான்.
மறித்துப் பிடித்தேன்.
என் முகத்தைப் பார்த்து
"நாயைக் கட்டியாச்சா?" என்றான்.

கத்தரியால் ஜெர்சியைக் கிழித்தேன்.
ஓடி வந்த டோலெசல் தோளைத் தூக்க
நான் காலைத் தூக்க
கழுத்து வரை தொட்டிக்குள்.
தெர்மாமீட்டர் நூற்றியேழு என்றது.

அவன் அப்பா அடுத்த வயலில்தான் இருந்தார்.
புல்லை நசுக்கிக்கொண்டு டிரக் வந்து நின்றது.
"வண்டி ஓடிக்கொண்டிருக்கிறது.
ஆஸ்பத்திரி பன்னிரண்டு மைல்.
பையனைத் தூக்கு."

முடியாது என்றேன்.
முதலில் குளிர்விக்கணும்,
அப்புறம்தான் கொண்டுபோகணும்.
ஆம்புலன்ஸ் வருகிறது, வந்தாலும் காத்திருக்கும்.
நாலாம் பக்கத்தில் இருக்கிற வரி அது.
அந்த ஒரு வரியை மட்டும்
உண்மையிலேயே படித்திருந்தேன்.

அவர் சாவியைப் பிடித்தபடி நின்றார்.
எவ்வளவு நேரம் என்று தெரியாது.
பிறகு சட்டைக் கையை மடிக்காமலே
தன் தொட்டிக்குள் கையை விட்டு
ஐஸைக் கலக்கத் தொடங்கினார்.
சுற்றிச் சுற்றி, ஒரே சீராக,
கன்றுக்குத் தீவனம் கலக்கிற கை.
பதினெட்டு நிமிடம்
யாரும் எதுவும் பேசவில்லை.
நூற்றிரண்டில்
எம்மெட் பல் கிட்டிக்க
ஒரு கெட்ட வார்த்தை சொன்னான்.
அவன் அப்பா அதைத் திருத்தவில்லை.

பிழைத்தான்.
இந்த சீசன் பெஞ்சில் உட்கார்ந்து
ஸ்கோர் எழுதுகிறான். கையெழுத்து மோசம்.

மறுநாள் காலை ஐஸ் மூட்டைகள்
எனக்கு முன்பே வந்து கிடந்தன.
டோலெசல் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.
தொட்டியின் அடியில்
ஒரு பல் காப்பு கிடந்தது, நீல நிறம்.
எடுத்துக் கழுவி
மேஜை டிராயரில் போட்டேன்.
திருப்பிக் கொடுக்கவில்லை இன்னும்.

சம்பவத்துக்கு வேறு படிவம் உண்டு.
அதில் ஒரு சின்னக் கட்டம்:
காரணம்.
ஒரு சொல்தான் பிடிக்கும்.

வெயில் என்று எழுதினேன்.
அடித்தேன்.
விசில் என்று எழுதினேன்.
அதை அடிக்கவில்லை.