மிச்சம் நான்கு விநாடி

காந்தி ஸ்டேடியத்தில் அன்றைக்குக்
கோவை டீம் ஒரு புள்ளி முன்னால்.
மிச்சம் நான்கு விநாடி.
வளையத்தடியில் நான் தனியாக,
இரண்டு கையும் தூக்கி,
சவுடி சவுடி என்று தொண்டை கிழிய.
சவுடேஸ்வரி என்னைப் பார்த்தாள்.
பார்த்துவிட்டு
இரண்டு பேருக்கு நடுவில் எம்பினாள்.

விழுந்தது. அதுதான் வம்பு.
விழாமல் போயிருந்தால்
அன்றைக்கே திட்டித் தீர்த்திருப்பேன்.

மறுநாள் பேப்பரில் அவள் அந்தரத்தில்.
படத்தின் ஓரத்தில் முழங்கை வரை என் கை,
நிற்காத பஸ்ஸுக்குக் காட்டியது போல.

அந்தப் படத்தைக் காட்டித்தான்
ரயில்வே வேலை வாங்கினாள் என்பார்கள்.
பொய்.
மூன்று நாள் காய்ச்சலோடு ஆடி வாங்கினாள்.
குகையில், தறிச் சத்தத்துக்கு நடுவே,
ஒன்பதாம் நம்பர் பனியன் கொடியில் காய்ந்தால்
பையன்கள் சைக்கிளை மெதுவாக ஓட்டுவார்கள்.

பிறகு செகந்திராபாத்தில் ஒரு முட்டி போயிற்று.
அடுத்த வருஷம் அதே முட்டி.
ஜங்ஷன் பார்சல் ஆபீசில் உட்கார்ந்து
மாம்பழக் கூடைகளுக்குச் சீட்டெழுதினாள்,
நான்கு சீசன்.
ஐந்தாவதில் ஒரு விசிலோடு வந்தாள்.

"பாஸ் பண்ணுடி!
அங்க ஒருத்தி நிக்கிறா, கண்ணு அவிஞ்சா போச்சு?"
அஸ்தம்பட்டி ரவுண்டானா வரை கேட்கும்.
ஸ்கோர் மேசையில் நான்
பேனாவை உதறுவது போலக் குனிந்துகொள்வேன்.
வாரநாளில் செவ்வாய்ப்பேட்டை மண்டியில்
ஜவ்வரிசி மூட்டைக் கணக்கு;
ஞாயிறானால் இந்தக் கணக்கு.

நேற்று ஏற்காட்டில் ஆட்டம்.
இருபது கொண்டையூசி வளைவிலும்
யாராவது ஒரு பிள்ளை வாந்தி எடுத்தது.
மேலே போனால் மூடுபனி.
பந்து வெள்ளைக்குள் போகும்;
வலை சலக்கென்றால் உள்ளே,
இரும்பு அதிர்ந்தால் வெளியே,
ரெஃப்ரி விரல் காட்டுமுன்பே எனக்குத் தெரியும்.

கடைசி நிமிஷம்.
சேலத்தின் ஒன்பது, எட்டாம் வகுப்பு, ரெட்டைச் சடை,
வளையத்தடியில் கை தூக்கிய பன்னிரண்டைப் பார்த்தது.
பார்த்துவிட்டு எம்பியது.
சலக்.

பெஞ்ச் மொத்தமும் குதித்தது.
சவுடி குதிக்கவில்லை. டைம் அவுட் கேட்டாள்.
ஒன்பதை வெளியே இழுத்து உட்காரவைத்தாள்.
பன்னிரண்டிடம் போய்,
மடங்காத அந்த முட்டியோடு
ஒரு பக்கமாகச் சாய்ந்து குனிந்து
ஏதோ சொன்னாள். என்னவென்று கேட்கவில்லை.

மேசைப் பக்கம் அவள் திரும்பவேயில்லை.
நானும் நிமிரவில்லை.
எழுத வேண்டியிருந்தது:
ஒன்பது, இரண்டு புள்ளி.
தாள் ஈரத்தில் ஊறியிருந்தது.
அதே இரண்டை
மூன்று தடவை எழுதினேன்.